ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர்: அதிகம் நடக்க இயலாத பெற்றோருடன் சிறிய காரில் போய்வரலாமா?

நெடுஞ்சாலைநேசன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அடிலெய்டுக்குக் குடிவந்த பிறகு பரோசா, விக்டர் ஹார்பர் என்று அருகிலுள்ள இடங்களைத் தவிர வேறெங்கும் நாங்கள் போனதில்லை. திருச்சியிலிருந்து என் பெற்றோர் வந்திருக்கிறார்கள். செப்டம்பர் இறுதியில் அவர்களையும் என் மனைவியையும் பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு வடக்கே ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் வரை போய்வர விரும்புகிறேன்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. சமதளத்தில் மெதுவாக நடப்பார், ஏற்றம் என்றால் இயலாது. அப்பா நன்றாக நடப்பார், ஆனால் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போகமாட்டார். இணையத்தில் தேடினால் வில்பீனா பவுண்டைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் மலையேற்றத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். மேலே ஏறாதவர்களுக்கு அங்கே பார்க்க ஏதும் இல்லையோ என்ற ஐயம் வந்துவிட்டது.

எங்களிடம் இருப்பது தாழ்வான சிறிய கார், ஃபோர் வீல் டிரைவ் அல்ல. அப்பகுதியின் அழகான சாலைகள் பலவும் மண்சாலைகள் என்று கேள்விப்பட்டேன். அவற்றுள் எவற்றில் இந்தக் காரைக் கொண்டுபோகலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும்? போகும்போது போர்ட் அகஸ்டா நெடுஞ்சாலையில் விரைவாகப் போய்ச் சேர்வது நல்லதா, அல்லது உள்ளூர்ச் சாலைகளில் சிற்றூர்கள் வழியாகப் போவது நல்லதா? மூன்று இரவுகள் தங்க முடியும். போய்வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடதிசைப்பயணி எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் ஐயத்துக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: ஃபிளிண்டர்ஸ் காரில் அமர்ந்தபடியே பார்ப்பதற்கு உகந்த பகுதி. வில்பீனா பவுண்ட் என்பது சுமார் 17 கிலோமீட்டர் நீளமும் 8 கிலோமீட்டர் அகலமும் கொண்ட, சுற்றிலும் பாறைச்சுவர் எழுந்து நிற்கும் பள்ளம். அதன் வாசலிலுள்ள தங்குமிடத்தில் போய் நின்றால் முன்னால் ஒரு சரிவும் மரங்களும் தெரியுமே தவிர, படங்களில் காணும் அந்த முழு வடிவம் தெரியாது. அதைக் காண ஒன்று வானத்தில் பறக்க வேண்டும், இல்லையேல் விலகி நின்று பார்க்க வேண்டும். விலகி நின்று பார்ப்பதற்குச் சாலைகளைவிடச் சிறந்த இடம் இல்லை.

போகும் வழியைப் பொறுத்தவரை போர்ட் அகஸ்டா நெடுஞ்சாலையைத் தவிர்த்துவிடுங்கள். அதில் கிடைப்பது லாரிகளும் வேகமும் மட்டுமே. கிளேர் பள்ளத்தாக்கு வழியாக லாரா, மெல்ரோஸ், வில்மிங்டன், குவார்ன், ஹாக்கர் என்று போவதே என் பரிந்துரை. முழுவதும் தார்ச்சாலை. அடிலெய்டிலிருந்து வில்பீனாவுக்கு ஏறக்குறைய 430 கிலோமீட்டர் ஆகும். நிற்காமல் ஓட்டினால் ஐந்து மணி நேரம் பிடிக்கும். நீங்கள் நிற்காமல் ஓட்டப்போவதில்லை என்பதால் காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். லாராவில்தான் கோல்டன் நார்த் ஐஸ்கிரீம் தயாராகிறது, ஆகவே மகனுக்காக அங்கே நின்றே ஆக வேண்டும். மெல்ரோஸில் ரிமார்க்கபிள் மலை ஊரின் முதுகுப்புறத்திலேயே எழுந்து நிற்கும். ஊருக்குள் ஒரு மரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அமர்ந்தால், அம்மா ஓர் அடிகூட ஏறாமல் மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

குவார்னைத் தாண்டியதும் நிலம் மாறிவிடும். அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதை அறிந்துகொண்டு போனால் வெறும் வெட்டவெளியாகத் தோன்றும் அறுபது எழுபது கிலோமீட்டரும் சுவையான பயணமாகிவிடும். 1865இல் கடும் வறட்சி வந்தபோது, அரசின் தலைமை நில அளவையாளராக இருந்த ஜார்ஜ் கோய்டர் குதிரையேறி வடபகுதி முழுவதும் சுற்றி, எந்த இடம் வரை மழையை நம்பிப் பயிர் செய்யலாம், எந்த இடத்துக்கு அப்பால் ஆடு மேய்க்க மட்டுமே முடியும் என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். மண்ணில் வளர்ந்திருந்த உப்புச்செடி போன்ற செடிவகைகளைப் பார்த்தே அவர் பெரும்பாலும் அந்த எல்லையை அறிந்தார். அடுத்த சில ஆண்டுகளில் மழை தாராளமாகப் பெய்ததால் மக்கள் அந்தக் கோட்டைக் கேலி செய்தார்கள். ஏர் உழுத இடத்துக்கு மழை தானே தேடி வரும் என்று அக்காலத்தில் பலர் உண்மையாகவே நம்பினார்கள். 1874இல் அரசும் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கோட்டுக்கு வடக்கே கோதுமை விதைத்து ஊர்கள் அமைத்தார்கள். 1880களின் தொடக்கத்தில் வறட்சி திரும்பி வந்தது. குவார்னுக்கும் ஹாக்கருக்கும் இடையே சாலையோரத்தில் கூரையில்லாமல் நிற்கும் கல்வீடுகளுட் பலவும் அந்தக் கோதுமைக் கனவின் மிச்சங்களே.

அவற்றுக்கெல்லாம் முந்தியது கன்யாகா. குவார்னிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்த ஆட்டுப்பண்ணையை 1850களின் தொடக்கத்தில் நிறுவியவர் ஹ்யூ ப்ரோபி என்ற இளைஞர். ஒரு காலத்தில் சுமார் 70 குடும்பங்கள் இங்கே வாழ்ந்தன. இப்போது சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அருகிலேயே கிடைத்த கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் அவை. கூரையும் கதவும் போய்விட்டன, ஆனால் கணப்படுப்புகள் அப்படியே இருக்கின்றன. அடுப்பின் உட்புறம் பார்த்தால் புகைக்கறை படிந்த கற்கள் இன்னும் தெரியும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சமதளம்தான், அம்மா தாராளமாக நடக்கலாம். ப்ரோபி 1852இல் வில்லோக்ரா ஓடையில் திடீரென வந்த வெள்ளத்தில் மூழ்கி இறந்தார். நீங்கள் போகும்போது வழியிலுள்ள ஓடைகளில் பெரும்பாலும் மணலைத் தவிர வேறெதுவும் இருக்காது. அந்த வறண்ட மணலின் நடுவே, நீரின் ஆழத்தைக் காட்ட இரண்டு மீட்டர் வரை அளவு குறித்த வெள்ளைக் கம்பம் எதற்காக நிற்கிறது என்று மகன் கேட்டால் ப்ரோபியின் கதையைச் சொல்லுங்கள்.

வில்பீனாவில் தங்கும் நாளுக்கு ஒரு சுற்றுவழி சொல்கிறேன். காலையில் வில்பீனாவிலிருந்து வடக்கே பிளின்மன் நோக்கிப் போங்கள். ஏறக்குறைய 60 கிலோமீட்டர், தார்ச்சாலை. வழியில் ஹக்ஸ் காட்சிமுனை, ஸ்டோக்ஸ் ஹில் காட்சிமுனை ஆகிய இரண்டிலும் வண்டி மேலே வரை போகும். ஸ்டோக்ஸ் ஹில்லில் நின்று தென்மேற்கே பார்த்தால் பவுண்டின் சுவர் முழுவதும் விரிந்து கிடக்கும். காலை வெயில் உங்கள் முதுகுப்புறத்திலிருந்து அதன் மீது விழும் என்பதால் அங்கே காலையில் போவதே முறை. பிளின்மனில் 1859இல் ஓர் ஆட்டிடையர் செம்புத்தாதைக் கண்டுபிடித்தார். ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பழைய சுரங்கத்துக்குள் வழிகாட்டியுடன் போகலாம், மகனுக்கும் அப்பாவுக்கும் பிடிக்கும். பிளின்மனிலிருந்து மேற்கே பரச்சில்னா பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் 30 கிலோமீட்டர் மண்சாலை. மழை பெய்யாத நாட்களில் சிறிய காரும் மெதுவாகப் போய்விடும். பரச்சில்னாவில் மறுபடியும் தார்ச்சாலை ஏறி, தெற்கே 90 கிலோமீட்டர் ஓட்டினால் ஹாக்கர். பிற்பகலில் இந்தச் சாலையில் வந்தால் மேற்கு வெயில் முழுவதும் உங்கள் இடப்பக்கத்து மலைகளின் மீது விழும். ஹெய்சன் தொடர் முதலில் பழுப்பாகவும், பிறகு செம்மையாகவும், கடைசியில் கருநீலமாகவும் மாறுவதை அம்மா சன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வரலாம். இதையே எதிர்த்திசையில் சுற்றினால் காலையில் நிழல் விழுந்த மலையையும் மாலையில் கண் கூசும் வெயிலையும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை: பொழுது சாய்வதற்குள் தங்குமிடத்துக்குத் திரும்பிவிடுங்கள். அந்தி வேளையில் கங்காருகள் சாலையோரப் புல்லுக்கு வந்துவிடும். ஈமுக்கள் அவற்றைவிட மோசம். வண்டியோடு இணையாகச் சற்றுத் தூரம் ஓடிவிட்டு, காரணமே இல்லாமல் குறுக்கே பாயும். எது குறுக்கே வந்தாலும் வண்டியைத் திருப்பாமல் நேராகவே பிரேக் பிடியுங்கள். சரளையில் சட்டென்று திருப்பினால் வண்டி உருண்டுவிடும்.

பாறைப்பித்தன் எழுதியது:

மேலே எழுதிய நண்பர் பிராச்சினா பள்ளத்தாக்கை முற்றிலும் விட்டுவிட்டது எனக்கு வியப்பாக இருக்கிறது. மண்சாலை என்பதால் தவிர்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பத்து வயதுச் சிறுவன் உடன் வருகிறான் என்றால், அந்த 20 கிலோமீட்டரை விட்டுவிட்டு வருவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பிராச்சினா சாலை முழுவதும் நிலவியல் தடமாக அமைக்கப்பட்டிருக்கிறது. பாறையடுக்கு மாறும் இடங்களில் பலகைகள் நட்டிருக்கிறார்கள். காரை நிறுத்தி, இறங்கி, படித்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். கிழக்கிலிருந்து மேற்காகப் போனால் பழைய பாறையிலிருந்து புதிய பாறைக்குப் போகிறோம். இங்கே புதியது என்றாலும் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. இந்தப் பகுதி ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. கிலோமீட்டர் கணக்கில் படிந்த வண்டல் இறுகிப் பாறையாகி, பின்னர் அழுத்தத்தால் மடிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்து, இப்போது அடுக்குகளின் ஓரங்கள் சாய்வாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் ஒரு பள்ளத்தாக்கின் வழியே ஓட்டிக்கொண்டு போகும்போது, ஆழத்தில் தோண்டிப் பார்க்க வேண்டிய அடுக்குகளைக் கிடையாகவே கடந்து போக முடிகிறது.

இந்தத் தடத்தில் பனிப்பாறைகள் கொண்டுவந்து போட்ட கற்கள் கலந்த ஓர் அடுக்கு உண்டு. பூமியின் பெரும்பகுதியைப் பனி மூடியிருந்த காலத்தைச் சேர்ந்தது, சுமார் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அதன் மேலே, அருகிலுள்ள எனோரமா ஓடையில், பாறையில் ஒரு சிறிய உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். எடியாகரக் காலம் என்ற நிலவியல் காலத்தின் தொடக்கம் அங்கேதான் என்று 2004இல் உலக நிலவியலாளர்கள் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. 1946இல் ரெக் ஸ்ப்ரிக் என்ற நிலவியலாளர், இதற்கு வடமேற்கே உள்ள எடியாகரக் குன்றுகளில், எலும்போ ஓடோ இல்லாத மெல்லுடல் உயிரினங்களின் அச்சுகளைப் பாறையில் கண்டார். தொடக்கத்தில் அவரை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இப்போது அந்த உயிரினங்களுள் ஒன்றான டிக்கின்சோனியாவைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பரச்சில்னாவுக்கு அருகே நில்பீனா எடியாகரத் தேசியப் பூங்காவும் 2023இல் திறக்கப்பட்டுவிட்டது. அதற்குள் வழிகாட்டியுடன் மட்டுமே போக முடியும், முன்பதிவு தேவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வில்பீனா பவுண்டை எரிமலை வாய் என்றோ விண்கல் விழுந்த பள்ளம் என்றோ சொல்பவர்கள் ஏராளம். இரண்டும் தவறு. கீழ்நோக்கி மடிந்த பாறையடுக்கின் விளிம்புகள் குவார்ட்சைட் என்ற மிகக் கடினமான பாறையாக இருப்பதால் தேயாமல் நின்றுவிட்டன, அவ்வளவுதான். ஆனால் விண்கல்லுக்கும் இந்த மலைகளுக்கும் உண்மையாகவே ஒரு தொடர்பு உண்டு. மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், காலர் மலைத்தொடரில், சுமார் 58 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் மோதி அக்ரமான் பள்ளத்தை உண்டாக்கியது. அப்போது சிதறிப் பறந்த கற்துகள்கள் இங்கே புன்யெரூ அடுக்கில், செம்பழுப்பு நிறச் சேற்றுப்பாறையின் நடுவே ஒரு மெல்லிய பட்டையாகப் படிந்திருக்கின்றன.

இப்பகுதியின் பூர்வகுடிகளான அட்னியமத்தனா மக்களின் மரபில் இந்தச் சுவர்கள் வேறு விதமாக உருவானவை. அக்குர்ரா என்ற இரண்டு பெரும் பாம்புகளின் உடல்களே பவுண்டின் இரு பக்கச் சுவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. பூங்காவை இன்று அவர்கள் அரசுடன் சேர்ந்து நிர்வகிக்கிறார்கள். 2016 முதல் அதன் பெயரே இகாரா-ஃபிளிண்டர்ஸ் தேசியப் பூங்கா. மிக உயர்ந்த செயின்ட் மேரி சிகரத்தின் உச்சிக்கு ஏற வேண்டாம், டாண்டெரா சேணம் என்ற முகட்டுத் தாழ்வு வரை போய்த் திரும்பிவிடுங்கள் என்று அவர்கள் வருவோரைக் கேட்டுக்கொள்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு இது பொருந்தாது என்றாலும், இந்தப் பக்கத்தைப் படிக்கும் மலையேற்றப் பிரியர்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.

சிறிய காரைப் பற்றி: காய்ந்த நாட்களில் பிராச்சினாவில் போகலாம். ஆனால் சாலை பல இடங்களில் ஓடைப் படுகைக்குள்ளேயே இறங்கி ஏறும். உருளைக்கற்கள் மீது நடை வேகத்தில்தான் போக வேண்டும், தாழ்வான காரின் அடிப்பகுதி உரசக்கூடும். புறப்படும் அன்று காலையில் வில்பீனா தகவல் மையத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மழை பெய்து சாலை மூடப்பட்டிருந்தால் கண்டிப்பாக இறங்காதீர்கள். மூடிய சாலையில் ஓட்டுவது இந்த மாநிலத்தில் குற்றம், அபராதமும் கனமானது. புன்யெரூ சாலை வழியாகப் போனால் பிராச்சினாவின் நடுவில்தான் போய்ச் சேருவீர்கள், தடத்தின் கிழக்குப் பாதி விட்டுப்போகும். ஆகவே பிளின்மன் சாலையிலிருந்து கிழக்கு வாயில் வழியாக நுழையுங்கள். புன்யெரூ சாலையிலுள்ள ரேஸர்பேக் காட்சிமுனைக்குத் தனியே போய்வரலாம். அங்கிருந்து சாலை நெளிந்து இறங்கிப் பள்ளத்தாக்குக்குள் மறைவதும், அதன் பின்னால் பவுண்டின் முகடுகள் வரிசையாக நிற்பதும் நாட்காட்டிகளில் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கக்கூடிய காட்சி. நடுப்பகலில் அது தட்டையாகத் தெரியும், காலையிலோ பிற்பகல் இறுதியிலோ போங்கள்.

கடைசியாக, மேற்கு முனையில் பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பாறைச் சரிவைப் பாருங்கள். மஞ்சட்கால் பாறை வல்லபி என்ற சிறிய கங்காரு வகை அங்கே வாழ்கிறது. வால் முழுவதும் வளையம் வளையமாக இருக்கும். அசையாமல் இருக்கும்போது கல்லிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. உங்கள் மகன்தான் முதலில் கண்டுபிடிப்பான், பெரியவர்களின் கண் இதில் தோற்றுவிடும்.

குவார்ன்ரசிகை எழுதியது:

வில்பீனாவில் தங்குவது பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பள்ளி விடுமுறையில் அங்கே இடம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். மூன்று இரவுகளில் முதல் இரவைக் குவார்னில் கழித்தால் பெற்றோருக்கும் அலுப்பு குறையும்.

குவார்ன் ஒரு காலத்தில் முக்கியமான ரயில் சந்திப்பு. வடக்கே போகும் ‘கான்’ என்ற பழைய ரயில் இவ்வழியாகத்தான் போனது. 1950களில் அகலமான தண்டவாளத்துடன் புதிய பாதையை மலைக்கு மேற்கே போட்டுவிட்டதால் ஊர் அப்படியே உறங்கிவிட்டது. ஊருக்கு ஏற்பட்ட அந்த இழப்பே இன்று பயணிகளுக்கு வரமாகியிருக்கிறது, ஏனென்றால் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பழைய கல் விடுதிகளை இடித்துவிட்டுப் புதியன கட்ட யாருக்கும் தேவை ஏற்படவில்லை. பிச்சி ரிச்சி கணவாய் வழியாகப் பழைய நீராவி ரயிலைத் தன்னார்வலர்கள் ஓட்டுகிறார்கள். கோடையில் ஓட்டமாட்டார்கள், நீங்கள் போகும் பருவத்தில் குறிப்பிட்ட நாட்களில் ஓடும். நாள் பார்த்து முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கையால் அடுக்கிய கல் தாங்குசுவர்களின் மீது ரயில் வளைந்து போகும்போது சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் கரித்துகள் கண்ணில் விழும் என்று மகனிடம் சொல்லி வையுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைவிட வசதியான மலைப்பயணம் அப்பகுதியில் இல்லை.

இருட்டிய பிறகு ஊரிலுள்ள தானியக் குதிரின் சுவர் மீது ஒளிப்படக் காட்சி காட்டுகிறார்கள். கட்டணம் கிடையாது. போர்வை எடுத்துக்கொண்டு போங்கள், செப்டம்பரிலும் இரவு நன்றாகவே குளிரும்.

நெடுஞ்சாலைநேசன் எழுதியது:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. பாம்புகளின் கதையை அம்மாவிடம் சொன்னேன், இப்போது என்னைவிட அவர்தான் புறப்படத் துடிக்கிறார். குவார்னில் ஓர் இரவும் வில்பீனா அருகே இரண்டு இரவுகளும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. பெற்றோர் சைவம். பரச்சில்னாவில் கங்காரு, ஈமு, ஒட்டக இறைச்சி ஆகியவைதான் சிறப்பு உணவு என்று படித்தேன். எங்கள் நிலைமை என்ன? அடுத்து, எங்கள் காருக்குப் பதிலாகச் சற்று உயரமான வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போனால் பிராச்சினா எளிதாகுமா?

சமையலறைவாசி எழுதியது:

உணவைப் பற்றி நான் சொல்கிறேன். பரச்சில்னா விடுதியின் புகழ் அந்த இறைச்சித் தட்டினால் வந்தது உண்மைதான், ஆனால் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒன்று செய்து தருவார்கள். எனினும் எல்லா ஊரிலும் சமையலறை குறிப்பிட்ட நேரத்துக்கு மூடிவிடும் என்பதால் உணவகங்களை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். சமையல் வசதியுள்ள கேபின் எடுத்துக்கொண்டால் அரிசியும் பருப்பும் ஒரு சிறிய குக்கரும் போதும். முதல் நாளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். காய்கறியைக் கிளேரிலேயே வாங்கிவிடுங்கள், அதற்கு வடக்கே தேர்வு குறைந்துகொண்டே போகும். குடிநீரை வண்டியில் தாராளமாக வைத்திருங்கள். சில இடங்களில் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர், தேநீர் போட்டால் சுவையே மாறிவிடும்.

குவான்டாங் என்ற உள்நாட்டுப் பழத்தில் செய்த பை எங்கேனும் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சிவந்த, புளிப்பான பழம். ஊறுகாய்க்கும் ஏற்றது என்பது என் தனிப்பட்ட ஆராய்ச்சி முடிவு.

வாடகைக் காரைப் பற்றி எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஒரு நிறுவனத்தில் உயரமான கார் எடுத்தோம். மண்சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது, ஊர் எல்லைக்கு வெளியே பொழுது சாய்ந்த பிறகு விலங்கு மோதினாலும் செல்லாது என்ற இரண்டு விதிகளும் ஒப்பந்தத்தின் உள்ளே பொடி எழுத்தில் இருந்தன. கண்ணாடியில் சரளைக்கல் தெறித்து விரிசல் விட்டதற்கு முழுத் தொகையையும் எங்களிடமே வாங்கிவிட்டார்கள். ஆகவே கையெழுத்திடும் முன் இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மண்சாலைக்கு அனுமதி இல்லாத வாடகைக் காரைவிட உங்கள் சொந்தச் சிறிய காரே மேல்.

வடதிசைப்பயணி எழுதியது:

பாறைப்பித்தன் கூறியதை ஏற்கிறேன். நாள் காய்ந்திருந்தால் பரச்சில்னா பள்ளத்தாக்குக்குப் பதிலாகப் பிராச்சினா வழியாகவே மேற்கே இறங்கிவிடலாம், சுற்றும் சுருங்கும். அப்படிச் செய்தால் பிளின்மன் சுரங்கம் விட்டுப்போகும், இரண்டில் எது வேண்டும் என்பதை மகனிடமே கேட்டுவிடுங்கள். முந்தைய நாளில் மழை பெய்திருந்தால் இரண்டையும் மறந்துவிட்டு, தார்ச்சாலையிலேயே பிளின்மன் வரை போய்த் திரும்புங்கள், அதுவும் குறைவில்லாத நாள்தான். ஹாக்கருக்கு வடக்கே உள்ள மொரலானா சாலையையும் பலர் பரிந்துரைப்பார்கள். பவுண்டின் மேற்குச் சுவருக்கும் எல்டர் தொடருக்கும் இடையே போகும் 28 கிலோமீட்டர் மண்சாலை அது. அழகுதான், ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு இரவுகளில் அதையும் திணிக்க வேண்டாம்.

அம்மாவுக்காக இரண்டு இடங்கள். வில்பீனாவுக்குச் சற்று முன்னால், சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு வழியில், ஹரால்ட் கஸ்னோ 1937இல் புகைப்படம் எடுத்துப் புகழ்பெறச் செய்த ‘ரிவர் ரெட் கம்’ என்ற யூகலிப்டஸ் மரம் நிற்கிறது. அடித்தண்டின் ஒரு பக்கம் குடைந்து வெறுமையாக இருக்கும், மேலே இலை பசுமையாகத் தழைத்திருக்கும். வண்டியிலிருந்து சில அடிகளே. இம்மாதிரி ஓடைக்கரை யூகலிப்டஸ் மரங்களைப் பாருங்கள், நிழலில் நில்லுங்கள், ஆனால் அடியில் காரை நிறுத்திவைக்காதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளை முறிந்து விழும் இயல்பு அவற்றுக்கு உண்டு.

மற்றொன்று விமானம். வில்பீனாவிலிருந்தும் ரான்ஸ்லி பார்க்கிலிருந்தும் சிறிய விமானங்கள் பவுண்டைச் சுற்றிக் காட்டுகின்றன. செலவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் மலையேற இயலாதவர் பவுண்டின் உட்புறத்தை முழுமையாகக் காண வேறு வழியில்லை. காலை நேரத்தில் காற்று அடங்கியிருக்கும், ஆகவே முதல் விமானத்தைக் கேளுங்கள். அம்மா ஏறி இறங்கப் படி எவ்வளவு உயரம் என்பதைப் பதிவு செய்யும்போதே விசாரித்துவிடுங்கள்.

செப்டம்பர் இறுதி என்பதால் பூக்களும் இருக்கும். சரிவுகளில் ஊதா நிறத்தில் பாய் விரித்தாற்போல் கிடப்பது சால்வேஷன் ஜேன் என்ற களைச்செடி. வெளிநாட்டிலிருந்து வந்தது, கால்நடைக்கு நஞ்சு, விவசாயிகளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் படத்தில் அழகாக விழும். சாலையோரச் செம்மண்ணில் இரத்தச்சிவப்பு இதழும் நடுவே கருங்குமிழும் கொண்ட ஸ்டர்ட் பாலைப் பட்டாணியைக் கண்டால் காரை நிறுத்துங்கள், அது மாநிலத்தின் மலர், பறிக்கக்கூடாது.

பூங்காவுக்கு வாகன நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், இணையத்திலோ வில்பீனா தகவல் மையத்திலோ கிடைக்கும். ஹாக்கரில் பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். பள்ளத்தாக்குகளுக்குள் கைப்பேசி வேலை செய்யாது, ஆகவே வரைபடத்தை முன்னதாகவே பதிவிறக்கி வைத்துக்கொண்டு, எந்தச் சாலையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.